ஏழு புள்ளி

அண்ணனுக்குப் பதின்மூன்று நடந்த கோடையில்
அவன் கால்சட்டை கணுக்காலைக் கைவிட்டது.
மடித்துத் தைத்ததை அம்மா பிரித்துப் பிரித்து
இனிப் பிரிக்க ஒன்றுமில்லாமல் ஊசியைப் பெட்டியில் போட்டாள்.
“இவன் கால் மட்டும் தனியாகச் சாப்பிடுகிறது.”

எனக்கு எட்டு. பெயர் தெல்மா.
எல்டன் வாயில் மட்டும் நத்தை,
எங்கே போனாலும் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு போனதால்.
ஒருநாள் திடீரென்று தெல்மா என்று கூப்பிட்டான்.
வேறு யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன்.

மெய்ன் கரையில் எங்கள் துறை ஒரு கைப்பிடி.
அங்கே மிதவையின் நிறம்தான் ஒரு மனிதனின் கையெழுத்து.
அப்பாவுக்கு மஞ்சள், நடுவில் கறுப்புப் பட்டை.
எல்டனுக்கென்று சிங்கிறால் கூண்டுகள் ஐந்து,
ஐந்துக்கும் பச்சை மிதவை.
வெள்ளைப் புள்ளி வைத்தது நான்.
மிதவைக்கு ஆறு என்று கணக்கு.
ஒன்றில் மட்டும் கை தவறி ஏழு.
“இருக்கட்டும், அதிர்ஷ்டம்” என்றான் அப்போது.

மே மாதம் அர்மான் திபோடோ வந்தார்,
எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து,
மனைவி, மூன்று பிள்ளைகள், நாற்பது சிவப்பு மிதவைகளோடு.
ஆங்கிலம் அவர் வாயில் கூழாங்கல்லாக உருளும்.
அவர் கடைக்குள் நுழைந்தால்
பேச்சு சட்டென்று வானிலைக்குத் தாவும்.

ஜூலையில் ஒரு காலை
நாற்பது சிவப்பும் அறுந்த கயிற்றோடு
பாறைக்குப் பாறை முட்டிக்கொண்டு கரை ஒதுங்கின.
கூண்டுகள் அடியில்.
நீரோட்டம் என்றார்கள். மூடுபனியில் எவனோ
விசைப்படகு ஓட்டியிருப்பான் என்றார்கள்.
கத்தியின் வெட்டு எப்படி இருக்கும் என்று
அத்தனை பேருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டு அடுப்படியில்
ஈர பூட்ஸ் இரண்டு ஜோடி காய்ந்துகொண்டிருந்தது.
ஒன்று பெரியது.
இன்னொன்று, போன மாதம்தான் வாங்கியது,
வளரும் என்று ஓர் அளவு கூட்டி.

அதற்கப்புறம் அவன் கதவைச் சாத்தினான்.
எங்கள் ரகசியத் தட்டு: இரண்டு, ஒன்று, இரண்டு.
தட்டினேன். உள்ளே கட்டில் முனகியது. அவ்வளவுதான்.
சாப்பாட்டு மேசையில் அப்பாவின் கையைப் பார்ப்பான்,
முகத்தைப் பார்க்க மாட்டான்.
நான் அவனுக்குக் காய்ச்சல் என்று நினைத்தேன்.
வளர்வது ஒரு நோய் என்றும், எனக்கும் தொற்றும் என்றும் நினைத்தேன்.

ஆகஸ்ட்டில் திபோடோவின் பலகைத்துறையில்
ஐந்து மிதவைகள் காயப்போட்டிருந்தன. சிவப்பு.
யாரோ அவசரத்தில் மெல்லிசாகப் பூசியது.
கிட்டே போனேன்.
சிவப்புக்கு அடியில் மங்கலாக என் புள்ளிகள்.
ஆறு, ஆறு, ஆறு,
ஏழு.
ஐந்து நாற்பதாகாது. எட்டு வயதிலும் அது தெரியும்.

அப்பாவும் எண்ணத் தெரிந்தவர்தான்.
“உன் கூண்டெல்லாம் எங்கே?” என்றார் உருளைக்கிழங்கை வெட்டியபடி.
“கொடுத்துவிட்டேன்.”
“எதற்காக?”
எல்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.
“அன்றைக்கு விளக்குப் பிடித்தேனே, அதற்காக.”

அம்மா எழுந்து ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலை மூடினாள்.
அப்பா அடிப்பார் என்று நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.
அவர் வெண்ணெயைத் தேடினார்.
வெண்ணெய் அவர் எதிரிலேயே இருந்தது.

இரவில் கதவைத் தட்டவில்லை, திறந்துகொண்டே போனேன்.
கட்டிலுக்கு வெளியே அவன் பாதங்கள்
யாருடையதோ போல நீண்டு கிடந்தன.
“சிவப்பு போதாது,” என்றேன்.
“என் புள்ளி தெரிகிறது. இன்னொரு பூச்சு பூசணும்.”
வெகுநேரம் கூரையைப் பார்த்தான்.

“தெரியட்டும்” என்றான்.
சொல் பாதியில் உடைந்து
அப்பாவின் குரலில் போய் முடிந்தது.
இருவருமே திடுக்கிட்டோம்.